விசா மறுத்துவிட்டார்கள், மறுபடி விண்ணப்பிக்கலாமா?

மாணவர் விசா மறுக்கப்பட்ட வீட்டில் அன்றைக்கே இரண்டு யோசனைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். "உடனே மறுபடி போடு, இந்தத் தடவை வேற ஆபீசர் இருப்பார்" என்பது ஒன்று. "அந்த நாடே வேண்டாம், வேற நாட்டுக்குப் போடு" என்பது இன்னொன்று. இரண்டிலும் கட்டணம் கிடைக்கும் என்பதால் கன்சல்டன்சிக்காரர்களே இரண்டையும் தூண்டிவிடுவதும் உண்டு.

மறுபடி விண்ணப்பிப்பதில் தவறே இல்லை. ஏறக்குறைய எல்லா நாடுகளும் அதை அனுமதிக்கின்றன. ஒரு மறுப்பு வந்துவிட்டதால் வாழ்நாள் முழுக்கக் கதவு அடைபட்டுவிடாது. ஆனால் அதே காகிதங்களை இரண்டாம் முறை நீட்டினால் பெரும்பாலும் அதே பதில்தான் வரும். முதல் விண்ணப்பமும் அதன் மேல் எழுதிய குறிப்புகளும் அடுத்த அதிகாரியின் திரையில் இருக்கும். ஆள் மாறினாலும் கோப்பு மாறாது. இரண்டாவது விண்ணப்பம் என்பது முதல் மறுப்புக்கு நீங்கள் எழுதும் பதில். அதனால் முதலில் எதற்காக மறுத்தார்கள் என்று தெரிய வேண்டும்.

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் மறுப்புக் கடிதத்தை யாரும் கண்ணால் பார்த்ததே இல்லை. அது கன்சல்டன்சி தொடங்கிய மின்னஞ்சல் முகவரிக்கு வரும். "ஃபண்ட் பத்தலையாம் சார்" என்ற ஒற்றை வரியாக வீட்டுக்கு வந்து சேரும். ஆகவே முதல் வேலை, கோப்பைக் கைக்குக் கொண்டுவருவது. விண்ணப்பக் கணக்கின் பயனர் பெயர், கடவுச்சொல், நிரப்பி அனுப்பிய படிவத்தின் முழு நகல், பதிவேற்றிய ஒவ்வொரு ஆவணம், எஸ்ஓபி எனும் படிப்பு நோக்கக் கடிதம், மறுப்புக் கடிதம் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். இது உங்கள் விண்ணப்பம்; கேட்கத் தயங்க வேண்டியதில்லை. படிவத்தை வரி வரியாகப் படித்தால்தான், அப்பாவின் தொழில் அதில் "பிசினஸ்" என்றும் எஸ்ஓபியில் "விவசாயம்" என்றும் இருப்பது போன்ற விஷயங்கள் கண்ணில் படும்.

அமெரிக்கா: அந்தத் தாளில் எந்த எண்?

சென்னை அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எஃப்-1 மாணவர் விசா நேர்காணல் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். மறுத்தால் ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். அதில் 214(பி) என்று இருக்கிறதா, 221(ஜி) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

214(பி) என்பது 1952-ஆம் ஆண்டுக் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு. விசா கேட்டு வருகிறவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட நினைப்பவர் என்று அந்தச் சட்டம் முதலிலேயே வைத்துக்கொள்கிறது. அப்படி இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு விண்ணப்பதாரருடையது. இதற்கு மேல்முறையீடு கிடையாது. இத்தனை மாதம் கழித்துத்தான் மறுபடி வர வேண்டும் என்ற கெடுவும் கிடையாது. புதிய டிஎஸ்-160 படிவம், மறுபடியும் 185 டாலர் விண்ணப்பக் கட்டணம், புதிய ஸ்லாட், புதிய நேர்காணல். மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணத்தை மட்டும், மறுப்பு வந்த 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்கு விண்ணப்பித்தால் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. இது தெரியாமல் இரண்டு முறை கட்டியவர்கள் உண்டு.

அந்தத் தாளில் உங்களுக்கென்று தனியாக எந்தக் காரணமும் இருக்காது. எல்லாருக்கும் ஒரே அச்சடித்த வாசகம்தான். அதனால் காரணத்தை நேர்காணலிலிருந்தே தேடி எடுக்க வேண்டும். அன்று மாலையே, ஊருக்குப் பேருந்து ஏறும் முன்பே, கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன பதில்களையும் வரிசை மாறாமல் எழுதிவையுங்கள். பல நேரம் சிக்கல் எங்கே என்று நீங்கள் எழுதியதே காட்டிவிடும்:

"யார் செலவு செய்கிறார்கள்?"
"அப்பா."
"என்ன செய்கிறார்?"
"விவசாயம்."
"ஆண்டு வருமானம்?"
"எட்டு லட்சம்."
"முதல் வருடச் செலவு 40 லட்சம் என்று பல்கலைக்கழகம் தந்த ஐ-20 சொல்கிறதே?"

இதற்குப் பையன் "சேவிங்ஸ் இருக்கு சார்" என்றதோடு நிறுத்திவிட்டால், மறுப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. கல்விக் கடன் ஒப்புதல் கடிதம் பையிலேயே இருந்திருக்கும். எடுத்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்க நேர்காணலில் காகிதத்தைவிட வாய்வார்த்தைக்கு எடை அதிகம். "ஒன்பது ஏக்கர் நெல், கரும்பு. முதல் வருடத்துக்கு வங்கியில் இவ்வளவு கடன் ஒப்புதல் ஆகியிருக்கிறது, மீதி அப்பாவின் சேமிப்பு" என்று ஒரே மூச்சில் சொல்லத் தெரிய வேண்டும்.

மறுக்கப்பட்டது நீங்கள் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 2023 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரையான அமெரிக்க நிதியாண்டில், உலகம் முழுக்க வந்த சுமார் 6.79 லட்சம் எஃப்-1 விண்ணப்பங்களில் 2.79 லட்சம் மறுக்கப்பட்டன. அதாவது நூற்றுக்கு 41.

221(ஜி) வேறு சங்கதி. ஏதோ ஓர் ஆவணம் குறைகிறது, அல்லது கூடுதல் சரிபார்ப்பு தேவைப்படுகிறது என்பது அதன் பொருள். கேட்டதை ஒரு வருடத்துக்குள் கொடுத்தால் புதுக் கட்டணம் தேவையில்லை. இதைப் பார்த்ததும் பதறிப்போய்ப் புது விண்ணப்பம் போடுவது பணத்துக்குக் கேடு. வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், அணு சார்ந்த ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சரிபார்ப்பு நீளக்கூடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முன்னாள் இயக்குநரான வேதியியலாளர் கோவர்தன் மேத்தாவே 2006 பிப்ரவரியில் இதே சென்னைத் துணைத் தூதரகத்தில் விசா கிடைக்காமல் திரும்பினார். அவருடைய ஆராய்ச்சி பற்றிய சந்தேகம்தான் காரணம். நாடெங்கும் சர்ச்சையான பிறகே விசா தர முன்வந்தார்கள். அவருக்கே அந்த நிலை என்றால் அண்ணாமலைப் பல்கலைக்கழக எம்.எஸ்சி. மாணவர் தனக்கு மட்டும் ஏன் என்று நொந்துகொள்ள வேண்டாம்.

2025 ஜூன் முதல் எஃப், எம், ஜே விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அதற்கு முன் மறுக்கப்பட்டு இப்போது மறுபடி போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படிவத்தில் ஒரு கணக்கை மறைப்பது, அந்தக் கணக்கில் இருப்பதைவிடப் பெரிய சிக்கலைக் கொண்டுவரும்.

கனடா, பிரிட்டன், மற்றவை

கனடாவில் இப்போது காற்று எதிர்த் திசையில் வீசுகிறது. 2023 ஆகஸ்டில் இந்திய மாணவர் விண்ணப்பங்களில் நூற்றுக்குச் சுமார் 32 மறுக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் அது 74 ஆனது. அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தரவை வைத்து ராய்ட்டர்ஸ் வெளியிட்ட கணக்கு இது. 2023-ல் சுமார் 1,550 போலிச் சேர்க்கைக் கடிதங்கள் பிடிபட்டதும், அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து போனவை என்பதும் இதற்கு ஒரு காரணம். பழி எங்கோ, பாவம் எங்கோ என்றாலும் விளைவை நம் பிள்ளைகளும் சேர்ந்துதான் அனுபவிக்கிறார்கள்.

ஒரு நல்ல மாற்றமும் உண்டு. முன்பெல்லாம் கனடா அதிகாரி கோப்பில் என்ன எழுதினார் என்று தெரிய, அங்கே வசிக்கும் ஒருவர் மூலம் தகவல் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். 2025 ஜூலை 29 முதல் படிப்பு அனுமதி மறுப்புக் கடிதத்தோடு அதிகாரியின் குறிப்புகளையும் சேர்த்தே அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். மறுப்புக் கடிதத்தில் "படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவீர்கள் என்று நம்பிக்கை ஏற்படவில்லை" என்ற பொது வாசகம் மட்டும் இருக்கும். குறிப்பில்தான் உண்மை இருக்கும்: பெரிய தொகை ஒன்று திடீரென வரவாகியிருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை; முதுகலை முடித்தவர் ஏன் டிப்ளமாவுக்கு வருகிறார் என்று விளங்கவில்லை. உங்கள் இரண்டாவது விண்ணப்பத்தின் வினாத்தாள் அதுதான். ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுதி, ஆவணம் இணையுங்கள். வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 2025 செப்டம்பர் 1 முதல் 22,895 கனடிய டாலர். முதல் வருடக் கல்லூரிக் கட்டணம் அதற்கு மேல். பழைய கணக்கை வைத்துக்கொண்டு மறுபடி போய் நிற்காதீர்கள். அதிகாரியின் முடிவே சட்டப்படி தவறு என்று தோன்றினால் 60 நாளுக்குள் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகலாம். அங்கே ஜெயித்தாலும் நீதிமன்றம் விசா தராது; வேறு அதிகாரி மறுபடி பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பும். வழக்கறிஞர் செலவைப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்குப் புது விண்ணப்பமே கட்டுப்படியாகும்.

பிரிட்டன் விதிப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும் நாடு. 70 புள்ளிகள் வேண்டும்: பல்கலைக்கழகம் தரும் சிஏஎஸ் எண்ணுக்கு 50, பணத்துக்கு 10, ஆங்கிலத்துக்கு 10. மறுப்பு பெரும்பாலும் அந்தப் பணப் பத்தில்தான் விழும். காட்ட வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் மறுப்புதான். 29-ஆம் நாள் நிரம்பியிருந்தது என்று சொல்லிப் பயனில்லை. 2025 நவம்பர் 11 முதல் வாழ்க்கைச் செலவுக்கு லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு, வெளியே என்றால் 1,171 பவுண்டு. ஒன்பது மாதத்துக்குக் கணக்கிட்டால் முறையே 13,761, 10,539. கட்ட மீதமுள்ள கல்விக் கட்டணம் இதற்கு மேல். நிலம், நகை, பங்குப் பத்திரம், பி.எஃப். எதையும் ஏற்க மாட்டார்கள். பணம் மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்க வேண்டும். துபாயில் இருக்கும் தாய்மாமா கணக்கைக் காட்டினால் செல்லாது. நம் ஊரில் மாமா படிக்க வைப்பது சாதாரணம், விசா விதிக்கு அது தெரியாது.

பிரிட்டன் அதிகாரி கணக்கைத் தவறாகப் பார்த்துவிட்டார் என்றால் 28 நாளுக்குள் நிர்வாக மறுஆய்வு கேட்கலாம். அதில் புது ஆவணம் சேர்க்க முடியாது. முன்பு கொடுத்ததை வைத்தே மறுபடி பார்ப்பார்கள். தவறு நம் பக்கம் என்றால் மறுஆய்வில் நாளைக் கழிக்காமல் புதிதாக விண்ணப்பிப்பதே நல்லது. ஒருமுறை பயன்படுத்திய சிஏஎஸ் மறுபடி செல்லாது, பல்கலைக்கழகத்திடம் புதிதாக வாங்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றின் ஆயுள் ஆறு மாதம், அது முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். கட்டிய மருத்துவக் கூடுதல் கட்டணம் திரும்பி வரும். விசா கட்டணம் வராது.

ஜெர்மனி விஷயத்தில் ஒரு பழைய தகவல் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மறுத்தால் தூதரகத்துக்கே எழுதி, கட்டணம் இல்லாமல் மறுபரிசீலனை கேட்கலாம் என்பது அது. 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது இரண்டே வழி: புது விண்ணப்பம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றம். முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) வைக்க வேண்டிய தொகை வருடத்துக்கு 11,904 யூரோ.

ஆஸ்திரேலியாவுக்கு 2025 ஜூலையிலிருந்து விண்ணப்பக் கட்டணமே 2,000 ஆஸ்திரேலிய டாலர். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவருக்குப் பொதுவாகத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடும் இல்லை. அவசரத்தில் மறுபடி போடக் கூடாத நாடு எது என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பிரான்சுக்குப் போகிறவர்கள் பக்கத்துப் புதுச்சேரியிலேயே துணைத் தூதரகம் இருப்பதால் நேரில் போய்க் கேட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். முறையீடு அங்கே இல்லை. நாந்த் நகரிலுள்ள விசா மறுப்பு முறையீட்டு ஆணையத்துக்கு 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

நம் பக்கத்துப் பணம்

கடலூர் மாவட்டத்து விண்ணப்பங்கள் பலவற்றில் பணம் உண்மையாகவே இருக்கும், ஆனால் அதிகாரிக்குப் புரியும் காகிதமாக இருக்காது. நெய்வேலி என்.எல்.சி.யில் வேலை பார்ப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. சம்பளச் சீட்டும் படிவம் 16-உம் இருக்கின்றன. காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல் விவசாயிக்கும், பண்ருட்டி முந்திரி வியாபாரிக்கும், முதுநகர் மீன் ஏலக்காரருக்கும்தான் சிக்கல்.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. அதனால் பலர் வரிக் கணக்கே தாக்கல் செய்வதில்லை, அல்லது செய்தாலும் அதில் சின்னத் தொகைதான் இருக்கும். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டால், நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வங்கிக் கணக்கில் மொத்தமாகப் பணம் வரும். கரும்பு என்றால் நெல்லிக்குப்பம் ஆலையிலிருந்தோ சேத்தியாத்தோப்பு கூட்டுறவு ஆலையிலிருந்தோ வரும். டெல்லியில் உட்கார்ந்து வங்கிக் கணக்கைப் பார்க்கும் அதிகாரிக்கு அது பத்து மாதம் காலியாக இருந்து திடீரென நிரம்பிய கணக்கு. "கடன் வாங்கிக் காட்டியிருக்கிறார்கள்" என்ற சந்தேகம் அவருக்கு இயல்பாகவே வரும்.

இதைத் தீர்ப்பது கடினமில்லை. மூன்று வருடக் கணக்கு விவரத்தை எடுத்து, ஒவ்வொரு வருடமும் அதே மாதங்களில் அந்த வரவு வந்திருப்பதைக் காட்டுங்கள். அதோடு கொள்முதல் நிலைய ரசீதும் ஆலைப் பட்டியலும். பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களும் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பும். இவை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கோத்துச் சொல்லும் கடிதம், அப்பாவின் கையெழுத்தோடு: எத்தனை ஏக்கர், என்ன பயிர், எந்த மாதம் வரவு, எந்தப் பக்கத்தில் ஆதாரம். ஆடிட்டர் தரும் சொத்து மதிப்புச் சான்று தனியாக எதையும் நிரூபிக்காது. இந்தக் கட்டுக்கு மேல் ஒரு முகப்புத் தாளாக இருந்தால் போதும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. பிள்ளையின் கல்லூரி உதவித்தொகைக்காக இ-சேவை மையத்தில் வாங்கிய வருமானச் சான்று வீட்டில் கிடக்கும். அதில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்று இருக்கும். விசா கோப்பில் 12 லட்சம் என்று இருக்கும். இரண்டும் ஒரே அப்பா. எது உண்மை என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே கோப்புக்குள் போனால் இரண்டையுமே நம்ப மாட்டார்கள். உண்மையான வருமானத்துக்குப் புதிய சான்று வாங்கி, அதையே எல்லா இடத்திலும் வையுங்கள்.

நகையை அடகு வைத்துப் போட்ட பணம் என்றால் நகைக் கடன் சீட்டை இணையுங்கள். மனை விற்ற பணம் என்றால் கிரயப் பத்திரத்தை. லால்பேட்டை, பரங்கிப்பேட்டையில் அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் வேலை ஒப்பந்தமும் அங்கிருந்து பணம் வந்த வரிசையும் இருந்தால் போதும். சந்தேகம் வருவது தொகையின் அளவால் அல்ல. அது எங்கிருந்து வந்தது என்று காட்டாததால்.

என் கணிப்பில் இந்தப் பகுதிக் குடும்பங்களுக்குச் சுத்தமான வழி கல்விக் கடன்தான். வங்கியின் ஒப்புதல் கடிதம் யாருக்கும் விளக்க வேண்டாத ஆவணம். ஏழரை லட்சத்துக்கு மேல் வங்கிகள் அடமானம் கேட்கும்; விவசாய நிலத்தைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், வீடோ மனையோ வேண்டும். அதற்கு வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து என்று வாரக்கணக்கில் ஆகும். மறுப்புக்கும் அடுத்த சேர்க்கைக்கும் இடைப்பட்ட மாதங்களை இதற்குச் செலவிடுவது நல்ல முதலீடு. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் தமிழ்நாடு அரசின் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகைக்கும் இந்த இடைவெளியில் விண்ணப்பித்துவிட வேண்டும்.

"ஷோ மணி" ஏற்பாடு பற்றி ஒரு வார்த்தை. வட்டிக்குப் பணம் எடுத்து 28 நாள் அப்பா கணக்கில் நிறுத்தித் தருவதாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அப்பா. ஏற்பாடு செய்தவர் அல்ல. முதல் விண்ணப்பத்தில் அப்படிச் செய்து மறுக்கப்பட்டிருந்தால், இரண்டாவதில் அதையே இன்னும் பெரிய தொகையாகச் செய்யச் சொல்வார்கள். வேண்டாம்.

பெயர், இடைவெளி, படிப்பு

நம் இனிஷியல் பழக்கம் விசா கோப்பில் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. பிறப்புச் சான்றில் அப்பா பெயர் முருகேசன். ஆதாரில் கே. முருகேசன். வங்கியில் முருகேசன் கலியமூர்த்தி. பாஸ்போர்ட்டில் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் காலி. பிரிட்டனுக்கு அப்பாவின் பணத்தைக் காட்ட, இவர்தான் அப்பா என்று பிறப்புச் சான்று சொல்ல வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் பணம் இருந்தும் இல்லாத கணக்குதான். வங்கிப் பதிவை ஆதாரோடு பொருத்துவதும், பிறப்புச் சான்றில் பெயர் சேர்க்காமல் விட்டிருந்தால் நகராட்சியிலோ மாநகராட்சியிலோ சேர்ப்பதும் மறுவிண்ணப்பத்துக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள். 2011 டிசம்பர் தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் சான்றிதழ்களைப் பறிகொடுத்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். இரண்டாம் படி வாங்கியிருந்தால் அதன் தேதி ஏன் புதிதாக இருக்கிறது என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

படிப்பில் விழுந்த இடைவெளியை மறைக்க வேண்டாம். இரண்டு வருடம் டிஎன்பிஎஸ்சிக்கோ நீட்டுக்கோ படித்தீர்களா? ஹால் டிக்கெட்டும் மதிப்பெண் பட்டியலும் இருக்கின்றனவே, அவற்றையே இணையுங்கள். தெரிந்தவர் கடையில் வேலை பார்த்ததாகப் போலி அனுபவச் சான்று வாங்குவதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது. அரியர் இருந்தாலும் அப்படித்தான். எந்தப் பருவத்தில் முடித்தீர்கள் என்று நீங்களே சொல்லிவிட்டால் அதைப் பற்றி மேலே கேட்க ஒன்றும் இருக்காது.

படிப்புத் தேர்வு சரியில்லை என்று மறுத்திருந்தால் எஸ்ஓபியை அலங்கரித்துப் பயனில்லை; படிப்பையே மாற்ற வேண்டும். பரங்கிப்பேட்டை கடல்வாழ் உயிரியல் மையத்தில் எம்.எஸ்சி. முடித்தவர் கனடாவில் ஏதோ ஒரு கல்லூரியில் வணிக டிப்ளமாவுக்குப் போனால் அதிகாரி ஏன் என்று கேட்பார்; கேட்பது நியாயமும்கூட. அதே மாணவர் மீன்வளர்ப்பு மேலாண்மை படிக்கப் போய், இந்தக் கடற்கரையிலுள்ள இறால் பண்ணைகளில் அதற்கு இருக்கும் வேலையையும் சொன்னால், திரும்பி வருவதற்கான காரணமும் அதிலேயே அடங்கிவிடும். சொந்தமாக எழுதுங்கள். பெயரை மட்டும் மாற்றி எழுதிக் கொடுக்கும் எஸ்ஓபிகளை அதிகாரிகள் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் பட்டம் பெற்றவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் தரப்பட்டிருந்தது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 மார்ச்சில் அறிவித்தது. நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கும் படிப்புக்கும் அங்கீகாரம் இருந்ததா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நேரடி வகுப்பில் படித்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மறுப்பை மறைக்காதீர்கள்

"வேற நாட்டுக்குப் போடும்போது பழைய மறுப்பைச் சொல்ல வேண்டாம், அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். தெரியும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் விசா தகவல்களையும் கைரேகைகளையும் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. பிரிட்டன், கனடா படிவங்கள் எந்த நாட்டில் மறுக்கப்பட்டிருந்தாலும் சொல்லச் சொல்கின்றன. ஆம் என்று எழுதி, நாடு, தேதி, காரணம், அதன் பிறகு என்ன மாறியது என்று நான்கு வரி எழுதினால் போதும். உண்மையாகச் சொன்ன மறுப்பு அடுத்த விண்ணப்பத்தைக் கவிழ்ப்பது அரிது. மறைத்தது பிடிபட்டால்தான் தண்டனை: கனடாவில் 5 ஆண்டு, பிரிட்டனில் 10 ஆண்டு, ஆஸ்திரேலியாவில் 3 ஆண்டு தடை. அமெரிக்காவில் வேண்டுமென்றே பொய் சொன்னதாக முடிவானால் அந்தத் தகுதியின்மை நிரந்தரம்; விலக்குக் கேட்டு வாங்கினால்தான் உண்டு. படிவத்தை நிரப்பியது கன்சல்டன்சி என்றாலும் தடை விழுவது கையெழுத்துப் போட்ட மாணவர் மேல்.

எப்போது மறுபடி போடுவது?

ஆவணக் குறை மட்டும்தான் காரணம் என்றால் அது கைக்கு வந்த அன்றே போடலாம். பணமோ படிப்போ காரணம் என்றால் அந்தச் சேர்க்கையை விட்டுவிடுவது உத்தமம். பல்கலைக்கழகத்துக்கு மறுப்புக் கடிதத்தை அனுப்பி, சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கக் கேளுங்கள். பல இடங்களில் தருகிறார்கள். அமெரிக்கா என்றால் புதிய தொடக்கத் தேதியோடு ஐ-20-ஐ மாற்றித் தருவார்கள். முன்பணத்தைத் திருப்பித் தரும் விதி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் வேறு. போலி ஆவணத்தால் மறுக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் திரும்பாது. வகுப்பு தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது அவசரமாகப் போடும் இரண்டாவது விண்ணப்பம்தான் மூன்றாவதுக்கு வழிவகுக்கிறது.

போடும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: "போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியிருக்கிறது?" சென்னை நேர்காணலில் இந்தக் கேள்வி ஏறக்குறைய இதே வார்த்தைகளில் வரும். ஒரே வாக்கியத்தில் பதில் வரவில்லை என்றால் கட்டணத்தைக் கட்டாதீர்கள். இங்கே சொன்ன தொகைகள் அடிக்கடி மாறுபவை; பணம் கட்டும் அன்று அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கன்சல்டன்சிக்குக் கட்டும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள்; முடிந்தவரை வங்கி வழியாகவே கட்டுங்கள். "விசா கிடைக்காவிட்டால் பணம் வாபஸ்" என்று சொன்னவர் பிறகு கைவிரித்தால், கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.